அப்பா, அன்றைக்கும் நாங்கள் சிரித்தோம்!

அப்பா தவறிப்போன அன்று காலை பதினோரு மணிக்கு என் தம்பிக்கு ஒரு சங்கடம் வந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் புதுக்கோட்டைக்கு ஆள் கிளம்பி நிற்கிறது. கொடுத்தனுப்ப அப்பாவின் போட்டோ வேண்டும். பீரோவைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினோம். என் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்துக்கொண்டு நிற்கிறார். தம்பி மகன் காதுகுத்துப் படத்தில், பிள்ளை அழுகிறானே என்று தன் காதிலும் அம்மாவின் தோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில்கூட, 'சிரிக்காதீங்க பெரியவரே' என்று போட்டோக்காரர் சொன்னதற்காகவே அடக்கிய சிரிப்பில் கன்னம் உப்பியிருக்கிறது. 74 வருஷம் வாழ்ந்த மனுஷருக்கு ஒழுங்காக ஒரு படம் இல்லை!

கடைசியில் சிரிக்கிற படத்தையே கொடுத்தனுப்பினோம். "துக்கப் போஸ்டர்ல பல்லைக் காட்டிக்கிட்டா நிக்கிறது?" என்று பெரியப்பா முகத்தைச் சுளித்தார். அம்மாதான் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அவுக மொகம் அதுதான். அதையே போடுங்க."

என் போனில் அப்பாவின் படம் இன்னொன்று இருந்தது. அதை நான் யாரிடமும் காட்டவில்லை. சகோதரிகளே, இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் படத்துக்காகத்தான். ஆனால் அப்பா எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் அது உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். செம்மண் பூமி, முந்திரி, தைல மரம், மழை பெய்தால் கடலை. அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. எட்டு சைக்கிள். பின் மட்கார்டில் 1 முதல் 8 வரை நம்பர் எழுதியிருக்கும். பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, காற்றடிப்பது எல்லாம் அவரே. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது 1948-ல். அப்பா பிறந்ததும் அந்த வருஷம்தான். "ராஜா போனாரு, நான் வந்தேன். ஊருக்கு ஒருத்தன் வேணுமில்ல!" என்று அறுபது வயசிலும் அலுக்காமல் சொல்வார். அம்மா அலுத்துப்போய் உள்ளே போய்விடுவாள்.

சாமி என்றால் அப்பாவுக்கு விராலிமலை முருகன்தான். புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். மலை மேலே ஆறுமுகன், மலையைச் சுற்றி மயில்கள். மாதாமாதம் கிருத்திகைக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். ஆனால் அப்பா அந்த சாமியிடம் மயங்கியது வேறொரு விஷயத்துக்காக. அங்கே முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கருப்பமுத்துப் பிள்ளை என்று ஒரு பக்தர் இருந்தாராம். ஒருநாள் மலைக்கு வரும் வழியில் காற்றும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம். குளிரில் நடுங்கியவருக்கு ஒரு சுருட்டு கிடைத்தால் தேவலை என்று இருந்திருக்கிறது. எங்கிருந்தோ ஒருவர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து, கோயில் வரைக்கும் துணைக்கு வந்து, மறைந்துவிட்டார். வந்தது யார் என்று பிறகுதான் விளங்கியதாம். அதிலிருந்து சுருட்டு படைக்கிற வழக்கம் வந்தது என்பார்கள். இடையில் ராஜா ஒருவர் இதை நிறுத்தச் சொன்னதாகவும், முருகன் கனவில் வந்து கேட்டதும் மறுபடி தொடங்கியதாகவும் கதை போகும். அப்பா சொன்னால் இந்தக் கதை அரை மணி நேரம் ஓடும். மழைக்கு ஒரு சத்தம், வெள்ளத்துக்கு ஒரு சத்தம், பிள்ளைவாளின் பல் கிட்டிப்பதற்கு ஒரு சத்தம். கேட்கிற எங்களுக்கே குளிரும்.

"மனுஷன் குளிருக்கு ஒரு சுருட்டு கேட்டா, 'சீ, இதெல்லாம் கெட்ட பழக்கம்'னு சொல்லாம நெருப்போட வந்தான் பாரு, அவன்தான் எங்க சாமி" என்பார். இந்தக் கதையின் பேரைச் சொல்லி அவரும் சுருட்டு பிடிப்பார் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. அம்மா திட்டினால் பூஜை மாடத்தைக் காட்டி, "முதல்ல அவனை நிறுத்தச் சொல்லு" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

மாசி மகத்துக்குக் கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலுக்கு எங்களைக் கூட்டிப்போவார். அங்கே வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு குதிரைச் சிலை. வேண்டிக்கொண்டவர்கள் காகித மாலையைக் கொண்டுவந்து போட்டுப் போட்டு, குதிரையே தெரியாமல் மாலை மலையாகிவிடும். "ராத்திரி எல்லாரும் தூங்கின பெறகு இது நம்ம கடைக்குத்தான் வரும், லாடத்துல பஞ்சர்னு" என்று அப்பா சொன்னதை நம்பி, நானும் தம்பியும் எத்தனை ராத்திரி கண் விழித்திருக்கிறோம்!

இதெல்லாம் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய வேடிக்கைதான். ஆனால் 1991-ல் நடந்தது அப்படி இல்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்கள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து 'அ' எழுதினார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். பஸ் இல்லாத ஊர்களில் பெண் ஒருத்தி நாலு இடம் போய் வர வேண்டுமென்றால் ஒன்று நடக்க வேண்டும், இல்லை ஆம்பிளை வந்து கூட்டிப் போக வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரிந்துவிட்டால்? கல் உடைக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், பால்வாடி ஆயாக்கள், டீச்சர்கள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் மாவட்டத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதி உலகத்துக்கே தெரிந்துபோனது. முத்துபாஸ்கரன் கட்டிய சைக்கிள் பாட்டை ஊருக்கு ஊர் பாடினார்கள்.

இப்போது கேட்க நன்றாக இருக்கிறது. அன்றைக்கு எங்கள் தெருவில் நடந்ததைக் கேளுங்கள். முதலில் சைக்கிள் கேட்டு வந்தது நாலு பெண்கள். அப்பா நோட்டில் அவர்கள் பேரை எழுதி, எதிரே ஒரு ரூபாய் பாக்கி என்று எழுதிக் கொடுத்தார். "சும்மா குடுத்தா அவுகளுக்கு மரியாதை இல்ல தாயி. பாக்கின்னா கௌரவம்" என்று என்னிடம் சொன்னார். அந்தப் பாக்கியை அவர் கேட்டதே இல்லை.

நாலாம் நாள் கடைக்கு வந்த இளவட்டங்கள், "பொம்பளை ஏறின சைக்கிளை நாங்க தொட மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாடகை பாதியாகக் குறைந்தது. "கெட்டுப்போறதுக்கு நீ கடை வச்சிருக்கியா?" என்று பெரியப்பா வாசலில் நின்று கத்தினார். தீபாவளி வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பத்தா சாப்பிடாமல் கிடந்தாள். இவ்வளவும் போதாதென்று, அடுத்த வாரம் அப்பா 7-ம் நம்பர் சைக்கிளைத் துடைத்து நிறுத்தி, "புள்ள, ஏறு" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயசு. வெட்கத்தில் செத்துவிடுவாள் போலிருந்தது. லேடீஸ் சைக்கிள் எங்கே இருந்தது? பார் வைத்த ஆம்பிளை சைக்கிள்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். டீக்கடை பெஞ்சிலிருந்து விசில் வந்தது. அம்மா பயத்தில் காலை ஊன்ற, சைக்கிளோடு சாய்ந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம். அன்றோடு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா ஒரு காரியம் செய்தார். தோளில் கிடந்த துண்டை முந்தானை மாதிரி போர்த்திக்கொண்டு, 3-ம் நம்பர் சைக்கிளில் சின்னப் பையன்கள் மாதிரி குரங்குப் பெடல் போட்டு, "ஐயோ ஆத்தா, விழுகப் போறேனே" என்று கூவிக்கொண்டு டீக்கடை முன்னால் வளைந்து வளைந்து போனார். பெஞ்சே ஆடும்படி சிரிப்பு! சாக்கடை ஓரத்தில் வேண்டுமென்றே போய் விழுந்தார். எல்லாரும் அவரைத் தூக்க ஓடிய நேரத்தில், பின்னாலேயே அம்மா யாரும் பார்க்காமல் தெரு முனை வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒருநாள் இல்லை, பதினைந்து நாள் இந்தக் கூத்து நடந்தது. ஊர் சிரிக்க வேண்டுமென்றால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், உன்னைப் பார்த்து வேண்டாம் என்பதுதான் அவர் கணக்கு. எனக்கு இது புரிய நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டியிருந்தது.

வேடிக்கைக்காரருக்குக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். அந்த நாட்களில் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். பூஜை மாடத்துக்கு முன்னால் இருட்டில் உட்கார்ந்து, "டயர் வாங்கின கடன் இன்னும் நானூறு நிக்குது. நாளைக்கு அந்த ஆளு வந்தா நீயே பேசிக்க. நான் விராலிமலையில இருக்கேன்னு சொல்லு" என்று முருகனோடு பேசிக்கொண்டிருந்தார். குரல் கம்மியிருந்தது. நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

1992-ல் மகளிர் தினத்தை ஒட்டி மாவட்டத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். அம்மாவும் போனாள். அப்பா ரோட்டோரத்தில் பம்போடு நின்று வந்த சைக்கிளுக்கெல்லாம் காற்றடித்தார். அதற்குள் எங்கள் ஊர் இளவட்டங்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களே ஓட்டத் தொடங்கிவிட்டார்களே! அந்த வருஷக் கோடையில் தம்பிக்கு வாந்தியும் பேதியுமாகக் கண் சொருகியபோது, அப்பா விராலிமலையில் இருந்தார். அம்மாதான் அவனைப் பாரில் உட்காரவைத்து முந்தானையால் தன்னோடு கட்டிக்கொண்டு ஆலங்குடிக்கு ஓட்டிப் போனாள். ஊர் திரும்பிய அப்பா விஷயம் கேட்டு, முதல் தடவையாகப் பேச்சே வராமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு எத்தனையோ வருஷம். வாடகை சைக்கிள் காலம் முடிந்தது, பஞ்சர் கடை மட்டும் நின்றது. நான் பத்தாவதோடு நிறுத்திவிட்டு, பிறகு கல்யாணமாகி அறந்தாங்கிக்கு வந்தேன். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்தது. அப்பாவின் கடைத் தகரம் பறந்து எங்கேயோ விழுந்தது. "கடைக்கு ஏசி போட்டாச்சு" என்று அவர் சொன்னதாகத் தம்பி போனில் சொன்னான். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் தெருவில் அடுப்பு மூட்டி எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினார்களாம். துடுப்பைப் பிடித்தது அப்பாதான். கூடவே இன்னொன்றும் நடந்திருக்கிறது. பிரஷர் மாத்திரையை அன்றைக்கு நிறுத்தியவர் மறுபடி தொடவே இல்லை. இது எங்களுக்குத் தெரியாது.

2019 மாட்டுப் பொங்கல். நான் மகளோடு அம்மா வீட்டில் இருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். காப்பி கடைவாயில் வழிந்தது. நிமிர்ந்து பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொன்னார், குழறியது. பல் போன எங்கள் தெருக் கிழவர் ஒருவரை அவர் அப்படித்தான் நடித்துக் காட்டுவார். என் மகள் கை தட்டி, "தாத்தா, இன்னொரு தடவை!" என்றாள். தம்பி சிரித்தான். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தது நான்தான். போனை எடுத்துப் படமும் பிடித்தேன்.

அந்தப் படம்தான் சகோதரிகளே. அழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் தைரியம் இல்லை.

கண்டுபிடித்தது அம்மா. எட்டு மணிக்கு அப்பா மெதுவாக உள்ளே போய் விபூதிச் சம்படத்தை எடுத்திருக்கிறார். மூன்று விரலால் நெற்றி நிறையப் பூசுகிறவர். வலது கை மேலே போகவில்லை. சம்படம் விழுந்து விபூதி தரையெல்லாம் கொட்டியது. "அவுக எதுல விளையாடுனாலும் திருநீத்துல விளையாட மாட்டாக!" என்று அம்மா போட்ட கூச்சலில்தான் எங்கள் சிரிப்பு நின்றது.

நின்று என்ன பயன்? அதற்குப் பிறகும் நேரத்தை வீணாக்கினோம். பக்கவாதத்துக்கு எண்ணெய்தான் மருந்து என்றார் ஒருவர். புறா ரத்தம் தடவ வேண்டும் என்றார் இன்னொருவர். நல்ல மனசோடு சொன்னவர்கள்தான். காரைப் பிடித்துக்கொண்டு வெளியூர் நாட்டு வைத்தியர் ஒருவரைத் தேடிப் போனோம். பொங்கலுக்கு அவர் ஊரில் இல்லை. பிறகுதான் 108-க்கு போன் செய்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பகல் பன்னிரண்டரை தாண்டிவிட்டது.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" ஏழு மணிக்கு என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டதாம். ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்தால், கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதிலும் சீக்கிரம் போடப் போட நல்லது. எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது.

"சந்தேகமா இருந்தா சிரிக்கச் சொல்லிப் பாருங்க. சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் ஏறினா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒண்ணு இறங்கினா, பேச்சு குழறினா, இதுல ஒண்ணு இருந்தாக்கூடப் போதும், ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது" என்றார் அந்த டாக்டர். சிரிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம்! நாங்கள் அதைத்தானே ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்?

மாத்திரை அட்டைகள் பிறகு கிடைத்தன. பஞ்சர் சொல்யூஷன் டப்பாவுக்கு அடியில், பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பிரஷர் உடம்பில் எந்த நோவும் காட்டாமலே வேலை செய்யுமாம். சுருட்டும் சேர்ந்துகொண்டது என்றார் டாக்டர். அதைக் கேட்டு நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த ஜோக்குக்கு எத்தனை வருஷம் சிரித்திருக்கிறோம்!

வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. என் பேர் வரவில்லை, அம்மாவைக் கூப்பிட வார்த்தை வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கண்ணால் செம்பைக் காட்டுவார். சொல்ல முடியாமல் அவர் கண்ணில் நீர் நிற்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒரு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் காலை தம்பி, சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தைப் போட்டான். கட்டிலிலிருந்து கூடவே ஒரு குரல் வந்தது. அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்பா பாடிக்கொண்டிருந்தார்! கொஞ்சம் குழறலாக, ஆனால் வரி பிசகாமல்.

பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பேச முடியாத சிலருக்குப் பாட்டும், சின்ன வயசிலிருந்து சொன்ன பிரார்த்தனையும் வருமாம். பேச்சு ஒரு வழியில் வருகிறது, மனப்பாடமான பாட்டு மூளையில் வேறு வழியிலும் வரக்கூடும் என்றார். அதையே பிடித்துக்கொண்டு, பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொல்ல வைத்தார். "தண்...ணி" என்பது ராகத்தோடு வந்தது. பிறகு "புள்ள" வந்தது. அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அம்மாவுக்கு அது முருகன் வந்து நின்றது போலத்தான். எனக்கு இரண்டும்தான்.

வேடிக்கை அதற்கு முன்பே திரும்பிவிட்டது. இடது கையால் விபூதி பூசப் பழகியவர், பயிற்சிப் பெண் குனிந்தபோது அவர் மூக்கில் ஒரு பட்டை போட்டார். சுருட்டு வேண்டுமா என்று தம்பி சீண்டினால், பூஜை மாடத்தைக் காட்டி, கையை விரித்து, 'அவனே நிறுத்திட்டான்' என்று ஜாடை காட்டுவார். அந்த ஜாடைக்கு மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஒருநாள் என்னை அருகில் கூப்பிட்டு, வாயை வேண்டுமென்றே கோணி, அன்று காலை போலவே ஒரு முகம் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விடவில்லை. நான் சிரிக்கும் வரை திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்று வருஷம் இருந்தார். மாத்திரையை அம்மா தன் கையாலேயே எண்ணிக் கொடுத்தாள். 2022 பங்குனியில் ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார்.

எடுக்கிற நேரத்துக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். 1991-ல் கடைக்கு வந்தவர்கள். தலை நரைத்துவிட்டது. சிலருக்கு முழங்கால் வலி, பேத்திகள் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அதில் ஓர் அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ரூபாய்க் காசை எடுத்து நெற்றியில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே நெற்றிக் காசு இருந்தது. "ஒண்ணு வச்சாச்சு ஆத்தா" என்றார் பெரியப்பா.

"இது வேறங்க. சைக்கிள் வாடகை. நோட்டுல பாக்கி நிக்குது" என்றாள்.

முதலில் சிரித்தது பெரியப்பாதான்.